நாற்பத்தெட்டு அடிக் கம்பி

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது அரிசி கடத்துகிறார்களா என்று பார்க்க, ஈஜோக் சாவடியில் எங்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் எனக்கு முன்னால், தோளில் செம்புக் கம்பிச் சுருளோடு நின்றவர் கூட்டாளியிடம் சொன்னார்: "பாதி அலை என் வீட்டுல அடங்கலடா."

"என்ன அலை மச்சான்?"

"ரேடியோ அலை. சிலோன் பாட்டு முப்பத்தொரு மீட்டர்ல வருது. அதுல பாதி எடுத்து, கொஞ்சம் கழிச்சா நாப்பத்தெட்டு அடிக் கம்பி. என் கூரையிலேருந்து இழுத்தா எஸ்டேட் முள்வேலியில முட்டுது."

"வேலியிலயே கட்டேன்."

"மிலிட்டரி சுடுவான் லா! இந்தப் பக்கம் இழுத்தா அடுத்த லயத்து மாணிக்கம் வீட்டுத் தென்னை."

"அங்க கட்டு. அவன்கிட்டயும் ரேடியோ இருக்கே."

"அதான்டா எரிச்சல். பொழுது சாஞ்சா என் பொண்டாட்டி அவன் வாசல்ல உக்காந்து பாட்டு கேக்குறா. அதை நிறுத்தத்தானே நானும் ரேடியோ வாங்குனேன்."

"அப்போ கம்பியை வெட்டிக் கொறை."

"கொறைச்சா கரகரன்னு கேக்கும். பல்லைக் கடிச்சிக்கிட்டு நேத்து அவன்கிட்டப் போனேன். 'அண்ணி முந்தாநாளே சொல்லிட்டாங்கண்ணே, நானே மரமேறிக் கட்டித் தர்றேன்'ங்கறான்."

கூட்டாளி சிரித்துவிட்டார்.

போலீஸ்காரர் சுருளைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"ரேடியோவுக்கு, துவான்" என்று மலாயில் சொன்ன கம்பிக்காரர், தமிழில் முணுமுணுத்தார்: "இவனாச்சும் பிடுங்கிக்கிட்டா தேவலை."

போலீஸ்காரர் சுருளை அவர் தோளிலேயே மாட்டிவிட்டார்.