டாக்டர் மாற்றிக் கேட்ட கேள்விகள்

பஸ் பெருமாள்மலையைத் தாண்டும்போது, முன் சீட்டில் இருந்தவள் பக்கத்தில் இருந்த அண்ணிக்காரியிடம் பூரிப்பாகச் சொன்னாள்: "எம் மகன் ஒரு கேள்விக்கும் சரியாப் பதில் சொல்லல மதினி!"

என் மடியில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்பது தப்புதான், ஆனாலும் கேட்டேன்.

"பூண்டு மூட்டை திருடுன கேஸா? விசாரணை புரியிற புத்தி இருக்கான்னு பாக்க கோர்ட்டுல டாக்டர்ட்ட அனுப்புனாங்களே?"

"அதேதான். யாரு தூக்கச் சொன்னாலும் தூக்குற பிள்ளை. பத்தொம்பது வயசுல பைத்தியம்னு எழுதிட்டா ஊரு சிரிக்குமேன்னு, வக்கீல் சொன்ன கேள்விக்கெல்லாம் ஒரு வாரமா பதில மனப்பாடம் பண்ண வச்சேன். மொதல்ல பேரு, ரெண்டாவது ஊரு, மூணாவது ஜட்ஜு ஐயா யாருன்னு."

"பொறவு?"

"டாக்டர் வரிசைய மாத்திட்டாரு! 'ஜட்ஜு யாரு?'ன்னு மொதல்ல கேட்டா, இவன் தன் பேரச் சொல்றான்!"

அண்ணிக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். "ஏத்தா, வீட்டுலயே ஜட்ஜா!"

"எல்லாம் மனப்பாடம்னு டாக்டர் கண்டுபிடிச்சிட்டாரு மதினி. இப்ப விசாரணை வேணாம், வைத்தியம் பாக்கணும்னு எழுதிட்டாரு!"

"அப்ப ஊரு சிரிச்சா?"

"நல்லாச் சிரிக்கட்டும். பெத்தவ நானே அவன ஜெயிலுக்குப் படிக்க வச்சிருந்தேனே!"