‘வேணாம்’னு ஒரு ஓட்டு

— மெஷினை நிறுத்துக்கா. ஒரே இடத்துல அஞ்சு தடவை ஓட்டிட்ட. அது இனி சட்டையாகாது.

— கை சும்மா இருக்க மாட்டேங்குதுடா. அஞ்சு மணிக்கு எவ்வளவு இருக்கு?

— பத்து நிமிஷம். சன்னலைத் தெறந்து பாரேன், எதிர்ல ஓட்டுப் போடற ஸ்கூல் வாசல்ல ஈ காக்கா இல்ல.

— காலையிலேர்ந்து தெறக்கல, பாக்கத் தைரியமில்ல. ரெண்டு வருஷமா இந்தக் கடைப் படி ஏறாதவன், இன்னைக்கு வேடிக்கை பாக்க வந்தியாக்கும்.

— ஆமா. எதிர்த்து ஆளே நிக்காத தேர்தல்ல எங்கக்கா எப்படித் தோக்கறான்னு பாக்கத்தான்.

— நிக்காததுதான் அவங்க தந்திரமே. இந்தப் புதுச் சட்டத்துல தனியா நின்னாலும் ஓட்டெடுப்பு உண்டு, சீட்டுல ‘வேணும்’, ‘வேணாம்’னு ரெண்டே கட்டம். ஆனா வார்டுல பாதிப் பேராவது வந்து போடணும். அறுநூத்திப் பன்னெண்டுக்கு முன்னூத்தி ஆறு. ஒண்ணு குறைஞ்சாலும் தேர்தல் செல்லாது, வார்டையே பக்கத்து வார்டோட சேர்த்துருவாங்க. பக்கத்து வார்டைக் கையில வச்சிருக்கற குடோன்காரர் வீடு வீடாப் போயி, ‘வேணாம்னுகூடப் போடாதீங்க, சாத்திக்கிட்டுத் தூங்குங்க’ன்னு சொல்லிட்டாரு.

— கெட்டிக்காரர்.

— வார்டு போச்சுன்னா, நாளைக்கு நம்ம ஆஸ்பத்திரி நர்ஸம்மாவை வேற ஊருக்கு மாத்துனாக்கூட, ஏன்னு கேக்க நாதியிருக்காதுடா.

— இத்தனை நாள் நீ கவுன்சிலரா, நாதியா இருந்தப்ப மட்டும் என்னத்தக் கண்டேன்? கூடப் பொறந்தவன் வீட்டுக் குழாயை ஆள் விட்டு வெட்டுனவதானே நீ.

— அது திருட்டு இணைப்பு. உன் தொட்டி வழிஞ்சுது, தெருக்கோடியில குடம் காஞ்சுது.

— சொல்லிட்டு வெட்டியிருக்கலாம்.

— சொல்ல வந்திருந்தா உன் மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பியிருப்பேன். அதான் வரல.

— சரி, இதுவரைக்கும் எத்தனை பேர் போட்டிருக்காங்களாம்?

— நாலரைக்கு நம்ம பூத் ஏஜென்ட் சொல்லி அனுப்பினாரு, முன்னூத்தி அஞ்சாம். வந்தவங்கள்ல முக்காவாசி நம்ம பக்கம்தான். இன்னும் ஒரே ஒரு ஆளு வந்தாப் போதும். கேக்க வாய் வரல... போயி ஒண்ணு போட்டுட்டு வாடா.

— போட்டாச்சு. இந்தா பாரு, மை இன்னும் காயல. ‘வேணாம்’லதான் குத்தினேன்.

— வேணாமா?

— பின்ன, குழாயை வெட்டுனவளுக்கு மாலையா போடுவாங்க?

— அட மடையா. வேணாம்னு குத்துனாலும் தலைக்கணக்குல நீ ஒரு தலைதானேடா. நீதான் முன்னூத்தி ஆறு. வீட்டுல படுத்திருந்தா நான் தோத்திருப்பேன். கோவத்துல கணக்கைக் கோட்டை விட்டுட்டியே.

— கோட்டை விடல. காலையிலேர்ந்து ஸ்கூல் பக்கத்துல பஸ் ஸ்டாப்புல உக்காந்து, போறவங்களை எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். முன்னூத்தி அஞ்சுக்கு மேல ஏறலேன்னதும்தான் எந்திரிச்சேன்.