போகும் வரைக்கும் நம் பிள்ளை

தலைமை வகிக்கும் பெற்றோர் சங்கத் தலைவர் திரு. சண்முகலிங்கம் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் கல்வி அதிகாரி அவர்களே, ஆசிரியர்களே, மாணவர்களே, லொட்ஜுகளிலிருந்து வந்து பின்வரிசை வாங்குகளில் நெருங்கி இருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மறைந்த அதிபர் நேசமலர் அம்மையாரைப் பற்றிப் பேச அவருடைய உதவி அதிபரான என்னை அழைத்திருக்கிறீர்கள். இந்தக் கொட்டாஞ்சேனையில் அவர்மீது என்னளவு பொறாமைப்பட்டவர் வேறு யாருமில்லை. அதனால் அவரை என்னளவு கூர்ந்து பார்த்தவரும் இல்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு நம் வகுப்புகள் வெறுமையாகின. குடும்பங்கள் யாழ்ப்பாணத்துக்கும் இந்தியாவுக்கும் கப்பலேறின. கல்வி அலுவலகம் என்ன செய்தது? முதலில் ஆசிரியர்களை இடம் மாற்றியது. பிறகு லொறி அனுப்பி ஆளில்லாத மேசைகளை ஏற்றிச் சென்றது. கடைசியில், அடுத்தடுத்த தெருக்களில் இருந்த இரண்டு தமிழ்ப் பாடசாலைகளில் பிள்ளைகள் அதிகமாக உள்ள ஒன்று போதும் என்றது. ஒன்றில் அவர் அதிபர். மற்றதில் நான்.

நான் பேராதனைப் பல்கலைக்கழகப் பட்டதாரி. அவர் பயிற்றப்பட்ட ஆசிரியை. பரீட்சைப் பெறுபேறுகளில் எப்போதும் என் பாடசாலையே மேலே நின்றது. அப்படியிருந்தும் நான் தோற்றேன். எப்படித் தோற்றேன்?

வெளிநாட்டுப் பயணத்துக்காக வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்த குடும்பங்கள் லொட்ஜ் அறைகளில் காத்திருந்தன. அடுத்த மாதம் போய்விடுவோம், பள்ளிக்கூடம் எதற்கு என்றார்கள் பெற்றோர். முன்பு படித்த பாடசாலையின் விடுகைப் பத்திரம் இல்லாத பிள்ளையைச் சேர்க்க முடியாது என்றேன் நான். விதி அப்படித்தான் இருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

நேசமலர் அம்மையார் ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்கால் வலியோடு லொட்ஜ் படிகளில் ஏறினார். மனேஜர் பௌஸி ஒருமுறை தடுத்திருக்கிறார். "மிஸ், இந்தக் கெழம புள்ளைகள் எல்லாம் மூணாம் மாடியில. ஒங்கட காலுக்குச் சரிவராது."

"அப்ப பிள்ளையளக் கீழ இறக்குங்கோ. தாய்மாரப் பாக்க நான் ஏறுறன்."

இரண்டு மாதத்தில் விமானம் ஏறும் பிள்ளையை எப்படி மாணவனாக எண்ணுவது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அவருடைய பதிலை நானே பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"போற பிள்ளையும் போகும் மட்டும் எங்கட பிள்ளைதானே, சேர்."

லொட்ஜ் பிள்ளைகளையும் எண்ணியதில் அவருடைய தொகை என்னுடையதைத் தாண்டியது; என் பாடசாலையின் பெயர்ப்பலகை இறங்கியது. என் மேசைகள் லொறியில் இங்கே வந்தன. பின்னால் நானும் வந்தேன். அவர் வாசலில் நின்று, "நாகேஸ்வரி, உங்கட மேசையள் எங்கடையவிட நல்லம்" என்றார். அது பாராட்டா, குத்தலா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆறு கிழமை மட்டும் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் டொரொன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் அவருக்குக் கார்ட் அனுப்பினார்கள். அவர் அவற்றை மேசைக் கண்ணாடிக்குக் கீழே பரப்பி வைத்திருந்தார். என்னிடம் பத்து வருடம் படித்தவர்கள் தெருவில் கண்டால் தலையசைப்பார்கள். அந்தக் கண்ணாடியைத் தாண்டித்தான் தினமும் நான் வரவுப் பதிவேட்டில் கையொப்பமிடப் போனேன். இது நியாயமா என்று அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் முடியாது.

அன்பர்களே, அவரை அடக்கம் செய்த மறுநாளே அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. லொட்ஜ் பிள்ளைகளை இனிக் கணக்கில் எடுக்கப் போவதில்லையாம். அவர்களைக் கழித்தால் இந்தப் பாடசாலையும் மூடப்படும். நான் அதை எதிர்க்காவிட்டால் வெள்ளவத்தையில் பெரிய பாடசாலை ஒன்றின் அதிபர் பதவி எனக்குக் கிடைக்கும். அங்கே நேசமலர் அம்மையாரை யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் எனக்கு இனிக்காமல் இல்லை.

அதிகாரி அவர்களே, பதிலை எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். நான் வெள்ளவத்தைக்கு வரவில்லை. பின்வரிசை வாங்குகளில் இருக்கும் இவர்களுடைய பிள்ளைகள் நாளைக் காலை விடுகைப் பத்திரம் இல்லாமலே வகுப்பில் இருப்பார்கள். நீங்கள் வந்து எண்ணலாம். அவர்கள் உட்காரப்போவது என் மேசைகளில்.

பௌஸி, இந்த ஞாயிறும் மூன்றாம் மாடியென்றால் பிள்ளைகளைக் கீழே இறக்க வேண்டாம். நானே ஏறி வருகிறேன். என் முழங்கால்கள் அவருடையவற்றைவிட நல்லவை. அதிலாவது அவரை முந்துகிறேன்.