ஏழாம் ஜன்னலுக்கு ஆள் வரவில்லை என்று எழுதியது குறித்து

என் பெயரையும் தகப்பனார் பெயரையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்து நான்கு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் உள்ள அரசு ஊழியர் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் வசிக்கிறேன். நகரச் சேவை அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகளாகப் பதிவேட்டு எழுத்தராக இருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர்கள் என்னை 'ரிஜிஸ்டர்' என்றே கூப்பிடுவார்கள். விசாரணை அலுவலர் முன்பு, யாரும் சொல்லிக் கொடுக்காமல், நானாகச் சொல்வதாவது:

எனக்குத் திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. என் மனைவி ஆற்றோரக் குடியிருப்பைச் சேர்ந்தவள். அங்கிருப்பவர்களின் தாய்மொழி வேறு. தையல் கம்பெனியில் வேலை பார்த்தபோது எங்கள் மொழியைக் காதால் கேட்டுக் கற்றுக்கொண்டாள். கடைக்கும் வீட்டுக்கும் அது போதுமானதாக இருந்தது. அவள் அதிகம் பேசாத பெண் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "உன் வீட்டுல சத்தமே இல்லையேய்யா, கொடுத்து வச்சவன்" என்று சக ஊழியர்கள் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். அவளுக்கான விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் நானே நிரப்பினேன், அவள் கையெழுத்து மட்டும் போட்டாள்.

சென்ற ஆண்டு, சிறுபான்மை மொழி பேசுவோருக்கு அவர்கள் மொழியிலேயே சேவை தர வேண்டும் என்ற சட்டத்தின்படி எங்கள் அலுவலகத்தில் ஏழாம் எண் ஜன்னல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த இடத்தில் ஜெராக்ஸ் இயந்திரம் இருந்தது. மொழிபெயர்ப்பாளராக ஐம்பத்தைந்து வயதுள்ள ஓர் அம்மா நியமிக்கப்பட்டார். வருகிறவர்களுக்கு அவர் முத்திரை குத்திய சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். அடிக்கட்டையை மாலையில் என்னிடம் ஒப்படைப்பார். நான் எண்ணிப் பதிவேட்டில் ஏற்றி மாதக் கடைசியில் மேலே அனுப்ப வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் முப்பது பேருக்குக் குறைவாக வந்தால் ஜன்னலை மூடிவிடலாம் என்பது விதி. முதல் மாதம் இருநூற்றுப் பதினான்கு பேர் வந்தார்கள். இருநூற்றுப் பதினான்கு என்றே எழுதினேன்.

அதன் பிறகு இரண்டாம் மாதம் மூன்றாம் தேதி காலை பதினொரு மணி அளவில், ஏழாம் ஜன்னல் பக்கமிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் வந்தது. வரிசையில் நின்ற பத்துப் பன்னிரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவள் என் மனைவி. கையை ஆட்டி, கண்ணை உருட்டி, யாரோ ஒருவரைப் போல நடந்து காட்டினாள். நான் அலமாரிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அப்படி ஒரு பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சிறிது நேரம் கழித்து மொழிபெயர்ப்பாளர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் சொல்வது போல இல்லை. நடுவில் வரும் எழுத்து எங்கள் மொழியில் கிடையாது, தொண்டையிலிருந்து வருவது. அவள் சட்டென்று திரும்பினாள். நான் கூப்பிட்டு ஒருநாளும் அவள் அவ்வளவு வேகமாகத் திரும்பியதில்லை.

அன்று மாலை வீட்டில் கேட்டேன். அடையாள அட்டையில் பெயர் தவறாக இருக்கிறது, திருத்தப் போனேன் என்றாள். அந்த அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பியது நான்.

"பதினோரு வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க ஆசையா கூப்பிடுறீங்க. தப்புன்னு எப்படிங்க சொல்றது?"

"அங்க என்ன அப்படி ஒரு சிரிப்பு?"

"ஒண்ணுமில்லைங்க. சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வராது."

அதன் பிறகு அவள் வாரத்துக்கு இரண்டு நாள் வரத் தொடங்கினாள். அக்காவுக்காக, பக்கத்து வீட்டுக்காரிக்காக என்று ஏதாவது ஒரு காகிதம் கையில் இருக்கும். என் மேசையைத் தாண்டித்தான் போவாள். தலையை லேசாக அசைத்துவிட்டுப் போய்விடுவாள். அங்கே போய் ஒரு மணி நேரம் பேசுவாள். வீட்டுக்கு வந்தால் "சாப்பிடுறீங்களா" என்பாள். வேறொரு ஆண் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். அங்கே இருந்தது மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு வயதான அம்மா. அவரிடம் நான் எதைக் கேட்பது? இந்த இடத்தில் விசாரணை அலுவலர், பொறாமை என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

அந்த மாதக் கடைசியில் பதினோரு பேர் என்று எழுதினேன். அடிக்கட்டைகளைப் பழைய காகித மூட்டையில் போட்டேன். அடுத்த மாதம் ஏழு. அதற்கடுத்த மாதம் நான்கு. கண்காணிப்பாளர் பார்த்துவிட்டு, "புது மோகம்யா, தீந்துடுச்சு" என்று கையெழுத்திட்டார். மொழிபெயர்ப்பாளர் அவரிடம் போய், ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குக் குறையாமல் வருகிறார்களே என்று முறையிட்டதும், "பதிவேடு என்ன சொல்லுதோ அதுதாம்மா கணக்கு" என்று அவர் பதில் சொன்னதும் என் காதுபடவே நடந்தது. ஐந்தாம் மாதம் முதல் தேதி ஜன்னல் மூடப்பட்டது. ஜெராக்ஸ் இயந்திரம் பழைய இடத்துக்கே வந்தது. என் மனைவி அலுவலகத்துக்கு வருவது நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம் கழித்து, என் மனைவியின் அக்காவுக்கு அரசுக் குடியிருப்பில் வீடு ஒதுக்கி அறிவிப்பு வந்தது. அவர் கணவரை இழந்தவர், எங்கள் மொழி தெரியாதவர். ஏழாம் ஜன்னல் இருக்கும் என்று நம்பித் தனியாக வந்திருக்கிறார். அன்று நான் பயிற்சிக்காக வேறு அலுவலகம் போயிருந்தேன். மூன்றாம் ஜன்னலில் இரண்டு படிவங்களை நீட்டியிருக்கிறார்கள். ஒன்று வீட்டை ஏற்பதற்கு, மற்றது விட்டுக்கொடுப்பதற்கு. பின்னால் வரிசை நீளமாக நின்றதாம். விட்டுக்கொடுக்கும் படிவத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, மூன்றாம் ஜன்னல்காரரைக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். சாமான்களையெல்லாம் கட்டி வைத்துவிட்டுப் பத்து நாள் காத்திருந்த பிறகுதான், வீடு பட்டியலில் அடுத்திருந்தவருக்குப் போய்விட்டது என்று தெரிந்தது.

அதன் பிறகு என் மனைவி ஆற்றோரக் குடியிருப்பில் வீடு வீடாகப் போனாள். அங்கிருப்பவர்கள் அரசாங்க முத்திரை உள்ள எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போட மாட்டார்கள். கடைசி மூன்று மாதத் தேதி உள்ள இருநூற்று அறுபத்து மூன்று சீட்டுகளைச் சேகரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் முன்னால் கொட்டினாள். அந்த மூன்று மாதத்துக்கு இருபத்திரண்டு பேர் என்று பதிவேட்டில் இருக்கிறதாம், நான் எழுதிய கணக்கை யாரோ மாற்றிப் பொய் எழுதியிருக்கிறார்கள், புகார் எழுத வேண்டும், எனக்கு நடைமுறை தெரியும், நானே எழுதித் தர வேண்டும் என்றாள். காகிதம் எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"அவன் கை அழுகிப் போகணும்னு போடுங்க."

"புகார்ல அதெல்லாம் போடக் கூடாது."

"அப்ப என்ன போடுவீங்க?"

"உரிய நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்னு போடணும்."

"அது போதுமா?"

போதும் என்றேன். ஒரு வரியையும் நான் மாற்றவில்லை. என் பெயரை மட்டும்தான் எழுதாமல் விட்டேன், அவள் அதைச் சொல்லவில்லை என்பதால்.

கடந்த திங்கட்கிழமை விசாரணை நடந்தது. அவள் எங்கள் மொழியில் பேசத் தெரிந்திருந்தும், என் மொழியில்தான் சாட்சி சொல்வேன், அது என் உரிமை என்று கேட்டு, அந்த மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தாள். நாற்பது நிமிடம் பேசினாள். அந்த அறையில் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான். அப்போதும் அந்த அம்மாவின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு அலுவலர் பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பி, மூன்றாம் மாதப் பக்கத்தைக் காட்டினார். நான் ஏழு என்ற எண்ணை நடுவில் ஒரு குறுக்குக்கோடு போட்டு எழுதுவேன். பால்காரருக்குச் சுவரில் எழுதி வைக்கும் தேதியிலும் அந்தக் கோடு இருக்கும். அவள் அந்த எண்ணைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பி, அவள் மொழியில் ஏதோ ஒன்றை மெதுவாகச் சொன்னாள். என்ன சொன்னார் என்று அலுவலர் கேட்டதற்கு, "அது பதிவுக்குச் சொன்னது இல்லைங்க ஐயா" என்று அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அது என்ன என்று எனக்கு இந்த நிமிடம் வரை தெரியாது. அதன் பிறகு, அதை எழுதியவன் நான்தான் என்று எழுந்து நின்று சொன்னேன்.

ஏழாம் ஜன்னல் நேற்று மறுபடி திறக்கப்பட்டதாக அறிகிறேன். என் மனைவியின் அக்காவுடைய வீடு இன்னும் முடிவாகவில்லை. அவர் கைநாட்டு வைத்ததற்கு அவர் பொறுப்பல்ல, நான்தான் பொறுப்பு என்பதை இந்த வாக்குமூலத்தில் குறிப்பாகப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். என் மனைவி இப்போது அக்காவின் ஒற்றை அறையில் இருக்கிறாள். புதன்கிழமை அங்கே போனேன். அவள் வெளியே வரவில்லை. அக்கா வாசலில் வந்து நின்று, அவர்கள் மொழியில் என்னிடம் வெகுநேரம் பேசினார். திட்டினாரா, புத்தி சொன்னாரா, திரும்ப வரச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மேலே சொன்னவை நடந்தவை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அலுவலர் இதை முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டினார். என் தாய்மொழியிலேயே வாசித்தபடியால் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. புரிந்துகொண்டே கையெழுத்து இடுகிறேன்.

(ஒப்பம்)
பதிவேட்டு எழுத்தர், நகரச் சேவை அலுவலகம்