இரண்டாவது கண்

டீ நன்றாக இருந்தது, சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. எதிலும் குறை சொல்லும் ஆள் என்று என்னைப் பற்றி என் மனைவி ஜெயமேரி உங்களிடம் சொல்லியிருப்பாள். ஓவிய ஆசிரியனுக்குக் குறைதானே முதலில் கண்ணில் படும்.

பெலிக்ஸ் அவளுடைய தம்பி. சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு இரண்டாயிரத்து நாலில் திண்டுக்கல்லுக்கே திரும்பினான். வரும்போது ஒரு பெட்டி நிறையக் குட்டிப் போர்வீரர்களைக் கொண்டுவந்தான். மேசைமேல் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு. ஊரில் அதை ஆட எங்கள் இருவரை விட்டால் ஆள் கிடையாது. பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவது என் பொறுப்பு. அதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், சார்.

போன ஈஸ்டர் விருந்தில், நான் தீட்டிய வீரன் ஒருவனை அவன் தூக்கி எல்லோருக்கும் காட்டினான்.

"மச்சான், இவனுக்கு ஒரு கண்ணு பழனிக்குப் போகுது, ஒரு கண்ணு மதுரைக்குப் போகுது."

ஜெயமேரிதான் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை நான்.

பிறகு தபாலில் தளபதி வந்தார், குதிரையோடு. ரெசின் என்கிற பிளாஸ்டிக் பிசினில் வார்த்த பொம்மை. காற்றுக் குமிழியால் கன்னத்தில் ஒரு குழி, வாள் வேறு வளைந்திருந்தது. திருப்பி அனுப்பிவிடலாம் என்றான் பெலிக்ஸ். நான் விடவில்லை. வெந்நீரில் முக்கி வாளை நிமிர்த்தினேன். குழியைப் பசையால் அடைத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். ரெசின் தூள் நெஞ்சுக்கு ஆகாது, அதனால் யாரும் அதை உலர்வாகத் தேய்க்கமாட்டார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து ஜெயமேரி செம்பட்டிக்கு ஒரு புதுநன்மை விருந்துக்குக் கிளம்பினாள். "தம்பிக்குக் காலையில இருந்தே இழுப்பா இருக்கு. பாத்துக்கங்க," என்றாள். தலையாட்டினேன்.

குதிரையைத் தேய்த்துத் தரும்படி பெலிக்ஸிடம் கொடுத்தேன்.

"தண்ணி வேணாமா மச்சான்?"

"நனஞ்சா பெயிண்ட் ஒட்டாது மாப்ள."

அது அவ்வளவு சரியான பேச்சு இல்லைதான். மின்விசிறிக் காற்றில் பிரஷ் காய்ந்துவிடும் என்று அதை நிறுத்தினேன். தெருப் புழுதி வரக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தினேன். அவன் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது, மேசைமேல் கிடந்த அவனுடைய இன்ஹேலரை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். வேலை செய்யும் மேசையில் கண்ட சாமானும் கிடந்தால் எனக்குக் கை ஓடாது.

தளபதிக்குக் கண் எழுத உட்கார்ந்தேன். கண் எழுதும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கை ஆடும். முதல் கண் முடிந்தபோது பெலிக்ஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"மச்சான், இன்ஹேலர எங்கன வச்சீங்க?"

"செத்த பொறு மாப்ள, இன்னும் ஒரு கண்ணுதான்."

இரண்டு கண்ணையும் ஒரே கையோடு முடித்தால்தான் பார்வை நேராக வரும். அவன் என் சட்டையைப் பற்றினான். கோடு தவறிவிடும் என்று அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். நாற்காலி விழுந்தது. அப்புறம் அறை அமைதியாக இருந்தது. கருவிழியை நிதானமாக வைத்தேன்.

பூட்டியது நான்தான். சாவியும் என் பையில்தான் இருந்தது. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, சார். இன்னும் ஒரே ஒரு தரம் அவன் வாய்திறந்து கேட்டிருந்தால், பிரஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருப்பேன்.