இடது ஓரம்

இந்தியப் பெண்களின் ஆடை வரலாற்றையே திருப்பிப்போட்ட நிகழ்ச்சி, 1998 மார்ச்சில், போசரியில் ஒரு துணி அச்சுக்கூடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது என்பதை இதன்மூலம் அறிவிக்கிறேன். நான் அப்போது டிபன் பாக்ஸைத் திறந்திருந்தேன். எலுமிச்சை சாதம்.

ஜெனிபர், எட்டு வருஷம் கழித்து நீ கேட்டதால் எழுதுகிறேன்.

நான் அங்கே டிசைனர். சுடிதார் துணிக்கு நவீன ஓவியத்தைக் கொண்டுவந்தவன். பூ கிடையாது, மாங்காய் கிடையாது. நிறத்தின் மேல் நிறம், ஓர் அங்குலம்கூட வெற்றிடம் கூடாது என்பது என் கொள்கை. முதலாளி பத்மநாபன் கொள்கைகளை மதிக்காதவர். "என்ன சார், குழந்தை சாதத்தைத் தட்டிவிட்ட மாதிரி இருக்கு? இந்த மாசத்துக்குள்ள உருப்படியா ஒண்ணு வரலேன்னா வேற இடம் பாத்துக்குங்க" என்றார். அச்சுமேஜையருகே நின்ற உன் அப்பா ஆண்டனி சிரித்தார். "இதைப் போட்டுட்டு பொண்ணுங்க வெளில போகணுமா சார், இல்ல ஒளிஞ்சுக்கணுமா?"

நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அன்று மற்றவர்கள் வடாபாவ் சாப்பிடப் போயிருந்தார்கள். ஆண்டனி மட்டும் மேஜையில் வெள்ளைத் துணியை விரித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிடித்தார். சாய வாளிகளையும் இழுத்துக்கொண்டு துணிமேல் விழுந்தார். புரண்டார். சிவப்பு, மஞ்சள், கருநீலம். பத்து வருஷம் நான் தேடிய கோடுகள் அவருக்கு ஒரு நிமிஷத்தில் வந்தன. காய்ந்தால் நிறம் மாறிவிடும்; ஈரத்திலேயே போட்டோ எடுப்பது எங்கள் வழக்கம். எடுத்தேன்.

கம்பெனி மூடியபோது கிடைத்த டிசைன் ஃபைலிலிருந்து அந்தப் போட்டோவைத்தான் நீ நீட்டினாய். "அங்கிள், நீங்க வந்து பாக்கிறதுக்கு முன்னாடியே அப்பா போயிட்டார்னு சொன்னீங்க. அப்ப இந்தக் கை மட்டும் ஏன் கலங்கியிருக்கு?"

கூர்மையான கண் உனக்கு. கை அசைந்ததால்தான்.

"சார், ஆட்டோ" என்றார் உன் அப்பா. இரண்டு முறை. ஆட்டோ வாசலிலேயே நின்றது. ஆனால் துணியின் இடது ஓரம் காலியாக இருந்தது, அவரும் அந்தப் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருந்தார். காத்திருந்தேன். இருபது நிமிஷம் ஆயிற்று. சாதமும் தீர்ந்தது, ஓரமும் நிறைந்தது. இரண்டாவது போட்டோவை எடுத்துவிட்டுக் கத்தினேன். கால் மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். அவருக்கு டிசைன் தெரியாது.

நன்றி மறந்தவன் அல்ல நான். அந்தப் போட்டோவைப் பார்த்து அச்சடித்த துணிக்கு 'ஆண்டனி' என்றே பெயர் வைத்தேன். முதல் சுருளில் ஒரு செட் வெட்டி, கோர்படியில் உங்கள் வீட்டுக்கு வந்து உன் அம்மா கையில் கொடுத்தேன்.

முதல் சலவையிலேயே சாயம் போய்விட்டது.