ஆகஸ்டுக்கு அடுத்தது டிசம்பர்

கம்ப்யூட்டருக்கு மாதம் என்பது வெறும் பெயர்தான், ஐயா. அடுக்கு என்றால் ஆங்கில எழுத்து வரிசைப்படி அடுக்கிவிடும். ஏப்ரல், அடுத்து ஆகஸ்ட், அதற்கடுத்து டிசம்பர். அதைக் குறை சொல்லி என்ன பயன்? ஒவ்வொரு மாதத்துக்குப் பக்கத்திலும் ஒரு எண் கொடுத்து, எண்படி அடுக்கச் சொன்னால் ஒழுங்காக வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இது தெரியாது. மேனேஜர் கோவிந்தப்பன் என் முதல் சார்ட்டை மீட்டிங்கில் தூக்கிக் காட்டி, "ஏம்மா முனிலட்சுமி, உங்க வேப்பனப்பள்ளியில ஏப்ரல் முடிஞ்சா நேரா ஆகஸ்டா வருது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எண் போடாமல் ஒரு சார்ட்டும் கொடுத்ததில்லை. அவரும் மாதப் பெயர்களைப் பார்ப்பதை விட்டுவிட்டார். பட்டைகள் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா என்று மட்டும் பார்ப்பார்.

செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற அந்த ஏ.சி. கம்ப்யூட்டர் அறையில் எனக்கு எப்படி இடம் கிடைத்தது என்று கேட்டீர்கள். ஓசூரில் இந்தத் தொழிற்சாலைக்கு முதலில் வந்தது என் அண்ணன் மாரிசாமி. பெரிய பிரஸ்ஸில் வேலை. பெடலை ஒரு தரம் மிதித்தால், மேலே இருக்கும் அச்சு ஒரு தரம் இறங்கித் தகட்டை அடித்துவிட்டு மேலே போய் நிற்க வேண்டும். கிளட்ச் தேய்ந்தால் மிதிக்காமலே இன்னொரு தரம் இறங்கும். ரெண்டாம் அடி என்பார்கள். "சார், ரெண்டாம் அடி வருது, கொஞ்சம் பாருங்க சார்" என்று அண்ணன் பலமுறை சொல்லியிருக்கிறான். "இந்த ஆர்டர் முடியட்டும்டா" என்றார் கோவிந்தப்பன். அண்ணனுக்கு வலது கை போனது.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று அவர் எழுதினார். பிறகு கிளட்சை மாற்றினார்கள், அண்ணனை வாட்ச்மேனாகக் கேட்டில் உட்காரவைத்தார்கள், கம்ப்யூட்டர் படித்திருந்த என்னை ஆபீசில் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய மனசு என்று ஊரே பேசியது. எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

போன வருஷம் செப்டம்பரில் மறுபடியும் ரெண்டாம் அடி ஆரம்பித்தது. மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போய், இந்த ஆகஸ்டில் உச்சத்தில் நின்றது. ஆட்கள் வாயால் சொன்னால் கோவிந்தப்பன் கேட்க மாட்டார், பேப்பரில் காட்டு என்பார். ஆயுத பூஜை லீவில் கிளட்சைக் கழற்றுவதா என்று முடிவுசெய்ய, மாதத்துக்கு எத்தனை ரெண்டாம் அடி என்று ஒரு வருஷத்துக்கும் சேர்த்து என்னிடம் சார்ட் கேட்டார்.

நான் மாதங்களுக்குப் பக்கத்தில் போடும் எண்களை எடுத்துவிட்டுப் பெயர்படி அடுக்கினேன். ஆகஸ்டின் உயரமான பட்டை இரண்டாவதாகப் போய்விட்டது. கடைசியில் நவம்பர், அக்டோபர், செப்டம்பர் என்று போன வருஷத்துக் குட்டைப் பட்டைகள் வந்து நின்றன. "பரவால்லயே, நல்லா இறங்கிடுச்சே. பொங்கலுக்குப் பாத்துக்கலாம்" என்றார் அவர். கீழே மாதப் பெயர்கள் தெளிவாகவே இருந்தன. ஒரு கணக்கைக்கூட நான் மாற்றவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜை முடிந்ததும் மேனேஜர்தான் பெரிய பிரஸ்ஸில் முதல் துண்டை அடிப்பார். மற்ற நாட்களில் துண்டை இடுக்கியால் எடுப்பார்கள். சாமிக்கு வைக்கிற துண்டை மட்டும் வெறும் கையால் எடுக்க வேண்டும். நின்றிருந்த மிஷினின் முதல் மிதியில்தான் ரெண்டாம் அடி அதிகம் வருகிறது என்று ஷிப்ட்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பூஜை நேரத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அபசகுனம்.

பூசணிக்காய் உடைத்தாயிற்று. நான் பொரித் தட்டோடு நின்றேன். பிரஸ் பக்கம் போன கோவிந்தப்பன் திரும்பி, கேட்டிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டார். "மாரிசாமி, இது நீ ஓட்டுன மிஷினு. இந்த வருஷம் நீ அடிப்பா."

"நெசமாவா சார்?" என்றான் அண்ணன். அவன் கண் கலங்கியிருந்தது. கிளட்ச் மாற்றிய மிஷின், இனி பயமில்லை என்றே கேட்டில் இருந்த அவன் நம்பியிருந்தான்.

கத்தியிருக்கலாமே என்கிறீர்கள். கத்தியிருந்தால், குறைந்துவிட்டதாகச் சார்ட் கொடுத்த உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள். அண்ணன் பெடலை மிதித்தான். துண்டை எடுக்க, மிச்சமிருந்த இடது கையை உள்ளே விட்டான். அலறல் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது, கோவிந்தப்பன் தப்பித்துவிட்டாரே என்ற ஆத்திரம்தான். பெங்களூருக்குக் கொண்டுபோகும் வழியில் மாநில எல்லையில், ஜூஜுவாடி லாரி வரிசையில் வண்டி நின்றபோதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சார்ட்டில் மாதப் பெயர்களை முதன்முதலில் படித்தவர், விசாரணைக்கு வந்த நீங்கள்தான், அதனால் சொல்கிறேன். ஆமாம், தெரிந்தேதான் அப்படி அடுக்கினேன். எல்லாம் அண்ணனுக்காக. கோவிந்தப்பனை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எழுதுவதைக் கொஞ்சம் சீக்கிரம் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. சாப்பாட்டு நேரமாகிறது. அண்ணனுக்கு நான்தான் ஊட்ட வேண்டும். வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டான், என்மேல் அவ்வளவு பாசம்.